சேர்த்து வைக்கக் கூடாத புழுக்கள்

மார்ச் 3, செவ்வாய்

சரக்கறையின் தகரக் கூரை காலையிலேயே சுட ஆரம்பித்துவிட்டது. மேல் தட்டில் இருந்த பைகளை எல்லாம் கீழ்த் தட்டுக்கு இறக்கினேன். வருஷா வருஷம் வெயில் வந்ததும் இதை நான்தான் செய்கிறேன். வருஷா வருஷம் அவர் வாசலில் நின்றுகொண்டு, "புழுவுக்கு வேர்க்குதா?" என்று கேட்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே ஜோக். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார் என்பதால் சிரித்து வைத்தேன்.

வேர்க்கத்தான் செய்கிறது. ரப்பர் புழு என்று ஊரே சொன்னாலும் அதில் ரப்பர் கிடையாது. பிளாஸ்டிக்கில் எண்ணெய் சேர்த்து மெத்தென்று ஆக்கிய தூண்டில் புழு, அவ்வளவுதான். சூடு பட்டால் எண்ணெய் கசியும், பை பிசுபிசுக்கும், புழு விறைத்துப்போகும். வால் மடங்கியபடி கிடந்தால் மடங்கியது மடங்கியதுதான், தண்ணீரில் ஆடாது. அதை வெந்நீரில் முக்கி எடுத்து நேராக்குவதற்குள் எனக்கு இடுப்பு போய்விடும். கறுப்பும் வெள்ளையும் ஒரே பையில் இருந்தால் வெள்ளை அழுக்காகிவிடும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பாழாக்கிப் பாழாக்கித் தெரிந்துகொண்டது.

அவர் ஊற்றுவார், நான் காப்பேன். வீட்டுக்குப் பின்னால் அவருடைய கொட்டகை. டப்பாவில் வரும் வெள்ளைத் திரவத்தை நாங்கள் பால் என்போம். அதைக் காய்ச்சி, நிறம் கலந்து, அச்சில் ஊற்றுவது அவர் வேலை. ஊற்றியது மீன்பிடிக்க ஏரி திறக்கும்வரை கெடாமல் இருக்க வேண்டும், அது என் பாடு. ஏப்ரலில் ஏரி திறந்ததும் தூண்டில் கடைக்காரர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார்.

மகள் பரீட்சைக்குப் படிக்க விடுமுறையில் வந்திருக்கிறாள். காதில் இயர்போன், கையில் புத்தகம். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புகிறாள்.

மார்ச் 6, வெள்ளி

புதுச் சரக்கு வந்தது. நாங்கள் ஊற்றியதல்ல, தொழிற்சாலையில் செய்தது. இதையும் வாங்கி வையுங்கள், ஆட்கள் கேட்கிறார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு புழுவைப் பிடித்து இழுத்தால் முழ நீளம் வருகிறது, விட்டால் பழையபடி சுருங்கிவிடுகிறது. மீன் எத்தனை முறை கடித்தாலும் பிய்யாதாம். நான் இதற்கு இழுவை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: வேறு வகைப் புழுக்களோடு சேர்த்து வைக்க வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஏன் என்று எழுதவில்லை. ஏன் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் புழு ஒன்றையும் இழுவை ஒன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டும் ஒட்டிக்கொண்டு இளகிக் கிடந்தன. பிரித்தால் விரலில் நூல் நூலாக வருகிறது. மூடியின் அடியும் குழைந்துவிட்டது.

கொட்டகைக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அச்சைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றார்.

"என்ன ம்? சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு தாயே."

விழவில்லை. காதில் வாங்கினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

நாளை அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவளுக்குக் கண் அறுவை. வார இறுதியில் திரும்பி வருவேன். சரக்கறைப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று மகளிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் காதில் என்ன பாட்டு ஓடியதோ.

மார்ச் 14, சனி

எழுதினால்தான் மனம் அடங்கும்.

வீட்டுக்குள் நுழையும்போதே அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. கையைப் பிடித்துச் சரக்கறைக்கு இழுத்துக்கொண்டு போனார். மகளும் பின்னாலேயே வந்தாள். மேல் தட்டு முழுக்கப் புதுப் பெட்டிகள், உள்ளே சின்னச் சின்ன அறை வைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள். "உனக்காகத்தான். இனிமே பை பையா குனிஞ்சு தேட வேண்டாம். எல்லாம் கண்ணுக்கு முன்னால இருக்கும்" என்றார்.

நான் போன மறுநாளே சரக்கறையில் இருந்த எல்லாப் பைகளையும் பிரித்துக் கொட்டி அடுக்கியிருக்கிறார். பைகள் குப்பைக்குப் போய்விட்டன. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வரிசை எங்கள் புழு, ஒரு வரிசை இழுவை. மேல் தட்டில், தகரத்துக்குக் கீழே, இந்த வெயிலில்.

முதல் பெட்டியை அவரே திறந்தார். அவர் முகம் மாறியதைத்தான் முதலில் பார்த்தேன், பெட்டியைப் பிறகுதான் பார்த்தேன். புழு இல்லை. கூழ். எல்லா நிறமும் சேர்ந்து சேற்று நிறமாகி, நடுச் சுவர்களைத் தின்று, பெட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு பலகையில் வழிந்திருந்தது. இரண்டாவது பெட்டியும் அப்படித்தான். மூன்றாவதைத் திறக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

குளிர்காலம் முழுக்க அந்த மனுஷன் நின்று நின்று ஊற்றியது. நான் ஒவ்வொரு வாலாக நீவி நீவிப் பையில் போட்டது. நான் சொன்னேன். நான் மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். காட்டினேனா இல்லையா?

"உங்க கை பட்டு எதுங்க உருப்பட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். மகள் முன்னால். அவர் ஒட்டிக்கொண்ட மூடியை மறுபடி மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

பேச்சு கிடையாது.

எங்கள் வீட்டுச் சண்டைக்கு ஒரு முறை உண்டு. கத்துவது ஒரு நாள், அதற்குப் பிறகு வாயைப் பூட்டிக்கொள்வது. சொல்ல வேண்டியது எதுவானாலும் மகள் வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட சொல்லு, குளிக்கத் தண்ணி சூடாயிடுச்சு." அவர் அடுத்த அறையில்தான் இருப்பார், அவருக்கும் கேட்கும். இருந்தாலும் மகள் போய்ச் சொல்ல வேண்டும். அவள் பேசக் கற்றுக்கொண்டதே இந்தத் தூது போய்த்தான் என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அவள் கல்லூரிக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டோம்.

பூட்டைத் திறப்பது எப்போதும் அவர்தான். ஏதாவது ஓர் அசட்டு ஜோக் சொல்வார், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் ஒரு தடவைகூட முதலில் பேசியதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

மார்ச் 17, செவ்வாய்

இன்று அவர் முயற்சி செய்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் மகளிடம் சொல்வதுபோல், "உங்கம்மாகிட்ட சொல்லு, புழு எல்லாம் ஒத்துமையா இருக்கு, நாமதான் இல்லன்னு" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இந்தத் தடவை அவ்வளவு மலிவாக விடுவதாக இல்லை.

"போதும்மா. பாவம்மா அப்பா" என்கிறாள் மகள். பாவமாம். என் இடுப்பைக் கேட்டால் யார் பாவம் என்று சொல்லும்.

மார்ச் 18, புதன்

மடித்த துணிகளை அவர் கட்டிலில் வைத்தேன். ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவரும்தான்.

மார்ச் 19, வியாழன்

மத்தியானம் முழுக்கக் கொட்டகையில் இருந்தார். உள்ளே என்ன செய்கிறாரோ, புகையை வெளியே தள்ளும் காற்றாடிச் சத்தம்கூட இல்லை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. சட்டையில் கருகல் வாடை. சாப்பாடு வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார். அப்போதிலிருந்து இருமல். சும்மா இருமல் இல்லை, தெருவுக்கே கேட்கிற இருமல். நான் அடுப்படியில் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பி இருமுகிறார், நான் மகளின் அறைக்குப் போனால் இந்தப் பக்கம் திரும்பி இருமுகிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் தோன்றுகிறது. "என்னாச்சுங்க?" என்று நான் போய்க் கேட்க வேண்டும், அதோடு எல்லாம் சமாதானம். இவர் நடிப்பு எனக்குத் தெரியாதா?

வெந்நீர் கொடுத்தனுப்பலாம் என்று மகளைப் பார்த்தேன். காதில் அதை மாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நாளைக்குத் தானாக அடங்கும்.

நான் போக மாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

மருத்துவமனை. நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம். வாயோரத்தில் நுரை. மூச்சு இழுக்கிறது, உள்ளே போகவில்லை. "என்னங்க" என்றேன். என்னங்க, என்னங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு வார்த்தை வரவில்லை. மகள்தான் வண்டியைக் கூப்பிட்டாள்.

தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் மூச்சு விடுகிறது.

கடவுளே, என்னை என்னவென்று சொல்வது.

மார்ச் 21, சனி

மருத்துவர் ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும். அமிலப் புகையாம். அந்தப் பிளாஸ்டிக் கருகினால் வருகிற புகை தொண்டையில் ஈரத்தைத் தொட்டதும் அமிலமாகிவிடும் என்றார். தொண்டை, மூச்சுக்குழல், நுரையீரல் எல்லாம் வெந்து வீங்கிக் கிடக்கிறது.

"இருமல் எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"காலையிலதாங்க" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். "முந்தின நாளே இருமியிருப்பாரே. அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா வீக்கத்த அடக்கியிருக்கலாம். தூக்கத்துல உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மகள் பக்கத்தில் நின்றாள். வெளியே வந்ததும் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "நான் முழிச்சுத்தானேம்மா இருந்தேன். அந்தச் சனியன காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்குக் கேட்டிருக்கணும்ல? நான்தாம்மா கவனிக்கல."

அவள் முதுகைத் தடவினேன். இல்லடி, எனக்குக் கேட்டுது என்று சொல்ல வேண்டியதுதானே? ஐந்து நொடி வேலை. சொல்லவில்லை. தடவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கொட்டகையைத் திறந்தேன். இன்னும் கண் எரிகிறது.

பெட்டிகளில் வழிந்து கிடந்த கூழை எல்லாம் சுரண்டி எடுத்து, பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் போட்டு உருக்கியிருக்கிறார். எங்கள் புழுவை அப்படி மறுபடி உருக்கி ஊற்றலாம், எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறோம். ஆனால் அதில் இழுவை கலந்திருக்கிறது. அது சரியாக இளகிச் சேரவில்லை போல. சேரட்டும் என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அதற்குள் எங்கள் புழு அடியில் கருகிக் கரிக்கட்டி ஆகிவிட்டது. கதவின் அடியில் ஈரத் துணி திணித்திருந்தது. வாடை எனக்கு வரக் கூடாதாம். காற்றாடி போட்டால் சத்தம் எனக்குக் கேட்குமாம். கோழை மனுஷா, என்னைக் கண்டு அவ்வளவு பயமா உனக்கு?

மேசை மேல் ஆறு புழு இருந்தன. அந்தக் கூழிலிருந்து எப்படியோ ஊற்றி எடுத்தவை. கோணல் மாணல், ஒன்றுக்கு வாலே இல்லை. ஆறையும் வால் நேராக, ஒன்றை ஒன்று தொடாமல், என் மாதிரியே வரிசையாக வைத்திருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கேட்க யாரும் இல்லை.

மகள் சொல்கிறாள், அந்த வியாழன் காலையிலேயே அவளிடம் சொன்னாராம்: "உங்கம்மாவுக்குத் தெரியாம பாதிப் புழுவயாவது தேத்திடுறேன். அப்பத்தான் பேசுவா."

மார்ச் 27, வெள்ளி

உள்ளே விடுகிறார்கள். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். அவருக்கு நினைவில்லை, மருந்தில் வைத்திருக்கிறார்கள். பேசுங்கள், கேட்டாலும் கேட்கும் என்றாள் நர்ஸ்.

என்ன பேசுவது? யாரோ வேற்றாள் போல ஓரமாக நின்றேன். பிறகு, "சரக்கறைய ஒழிச்சுட்டேங்க" என்றேன். "பலகையில ஒட்டினது போகல, கத்தியால சுரண்டினேன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இயந்திரம் உஸ்ஸென்று பதில் சொன்னது.

ஏப்ரல் 1, புதன்

கழுத்தில் துளை போட்டுவிட்டார்கள். வாய் வழியாக வைத்த குழாயை ரொம்ப நாள் விட்டு வைக்கக் கூடாதாம். கையெழுத்து நான்தான் போட்டேன். அங்கே பார்க்க முடியவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கடைக்காரர் பழத்தோடு வந்தார். அவருக்கு விஷயம் பாதிதான் தெரியும். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏரி திறக்கப் போவுது அண்ணி. அத இப்ப கேக்கக் கூடாதுதான்."

"வீட்டுல என் அலமாரியில கொஞ்சம் பை தனியா இருக்கு. முன்னாடியே எடுத்து வச்சது. வந்து எடுத்துக்குங்க."

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? மனம் எங்கேயோ இருக்க, வாய் பாட்டுக்கு ஓடியது: கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள், வெயில் படும், பிரித்த பையைக் காற்று போகாமல் மூடச் சொல்லுங்கள், இழுவையை வேறு அலமாரியில் வையுங்கள், ஒரே தட்டில்கூட வேண்டாம்.

"அண்ணனுக்கு உங்கள மாதிரி ஒரு ஆளு அமைஞ்சது அதிர்ஷ்டம். எதையும் கெட விடமாட்டீங்க" என்றார்.

எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 11, சனி

கண் திறந்துவிட்டார். அடையாளம் தெரிகிறது. மகளைப் பார்த்து உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை. மூச்சு கழுத்துத் துளை வழியாகவே போய்விடுகிறது, குரலுக்கு மிச்சமில்லை. என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

இயந்திரத்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். துளை மட்டும் இருக்கும். மேலே தொண்டை சுருங்கிவிட்டது, எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது, எப்போதைக்குமாகக்கூட இருக்கலாம் என்றார் மருத்துவர்.

பேசலாமாம். சுத்தமான விரலால் துளையை ஒரு நொடி மூடினால் காற்று மேலே ஏறி, கொஞ்சம் குரல் வரும். மூடி போட்டுப் பேசுகிற வசதி புண் ஆறிய பிறகுதான். ஆனால் அவரால் கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை. படுத்தே கிடந்ததில் கை துணியாகிவிட்டது, தூக்கினாலும் நடுங்குகிறது. அதனால் வேறு யாராவது விரல் வைக்க வேண்டும்.

மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தாள். பயமே இல்லை அவளுக்கு. அவர் "படிச்சியா?" என்றார். கரகரவென்று, தகரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு குரல். அவள் சிரித்தாள், அழுதாள். "நீங்க வச்சுப் பாருங்கம்மா" என்று நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள்.

எனக்குக் கை வரவில்லை. வீட்டில் வைக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 22, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்திலேயே கட்டில். மகள் பரீட்சையை இடையில் போய்ப் போய் எழுதிவிட்டு வருகிறாள். அவள் இருக்கும்போது விரல் வைக்கிறாள், பேசுகிறார். அவள் இல்லாதபோது கண்ணால் காட்டுகிறார், நான் புரிந்துகொண்டு செய்கிறேன். துளையைச் சுத்தம் செய்கிறேன், குழாயை மாற்றக்கூடக் கற்றுக்கொண்டேன். கருவியோடு தொட முடிகிறது. வெறும் விரலால் மூட மட்டும் முடியவில்லை.

மூச்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். பொய். அவர் என்ன சொல்வார் என்றுதான் பயம்.

ஏப்ரல் 29, புதன்

இன்று வைத்தேன்.

மத்தியானம். மகள் வாசலில் அவர் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் உதட்டை அசைத்து என்னிடம் எதையோ சொன்னார். தண்ணீரா என்றேன், இல்லை. தலையணையா, இல்லை. ஜன்னலா. எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சலிப்பைப் பார்க்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்தேன். உள்ளே சூடாக இருந்தது. மூச்சு விரலை இழுத்தது.

"அன்னிக்கு... இருமல் கேட்டுச்சா?"

மகள் காலி வாளியோடு உள்ளே வந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. "அப்பா, அது என் தப்புப்பா, அம்மா தூங்கிட்டாங்க, நான்தான் காதுல..." என்று ஓடி வந்தாள். வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் பதில் வேண்டும், அவளுடையது இல்லை.

"கேட்டுச்சு" என்றேன். "நான் தூங்கல. சாயங்காலத்துலேர்ந்தே கேட்டுச்சு. எந்திரிச்சு வரலங்க. டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். இவகிட்டயும் சொல்லல."

விரல் நழுவிவிட்டது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மறுபடி வைத்தேன்.

"சத்தமாத்தான் இருமினேன்" என்றார். மூச்சு வாங்கினார். "நீ வருவேன்னு."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. வாய் கொஞ்சம் கோணியது, சிரிக்கப் பார்த்தாரோ என்னவோ. நான் அவர் கையில் தலையை வைத்து அழுதேன்.

திரும்பிப் பார்த்தபோது வாளி மட்டும் நடுக் கூடத்தில் இருந்தது.

மே 2, சனி

மகள் என்னிடம் பேசவில்லை. நான் பேசினேன். "ஏதாவது சொல்லுடி, திட்டவாவது செய்" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அத்தனை நாளும் அவள் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் பேச வேண்டும் என்று என்ன முகத்தோடு கேட்பது?

வாயைப் பூட்டிக்கொள்ள அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மே 6, புதன்

கல்லூரி இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். அப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, என்னைத் தாண்டிப் போனாள்.

மே 19, செவ்வாய்

பால் டப்பாக்களைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார். வேறு யாரோ ஊற்றப் போகிறார்களாம். சரக்கறையில் இப்போது அவர் மருந்தும், சுத்தம் செய்கிற பஞ்சும், மாற்றுக் குழாய்களும் இருக்கின்றன. கீழ்த் தட்டில் வைத்திருக்கிறேன்.

இப்போது அவருடைய ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார வேண்டும். கட்டில் கம்பியை நகத்தால் தட்டுவார், அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன். சில சமயம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கும் தட்டுகிறார். எதிர்வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டிருக்கிறார் என்று சொல்வதற்கு. போகிறேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள், அவருக்கு. அவரால் பிடிக்க முடியாதே. சத்தத்தைக் கூட்டி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரலைத் துளையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பரீட்சை முடிவு வந்துவிட்டதாம், தேறிவிட்டாளாம். அவர் "நல்லது, நல்லது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தேன்.

"சாப்பிடச் சொல்றா" என்றார்.

"சரின்னு சொல்லுங்க" என்றேன்.

"சரிங்கிறா" என்று போனில் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை விரலை எடுக்காமல் வைத்திருந்தேன்.